ரத்தான விமானமும் பதில் சொல்லாத நிறுவனமும்

விமானம் தாமதமாவதில் எனக்குப் பெரிய மனக்குறை கிடையாது. குளிர்காலத்தில் டெல்லியைப் பனி மூடும். வடகிழக்குப் பருவமழை வலுத்தால் சென்னையில் ஓடுபாதையிலேயே தண்ணீர் நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீனம்பாக்கத்தில் விமானப் போக்குவரத்தையே நிறுத்த வேண்டியிருந்தது. அதற்காக யாரையும் நொந்துகொள்வதில் நியாயமில்லை. இயந்திரத்தில் கோளாறு இருக்குமோ என்ற ஐயம் வந்தால் விமானி புறப்பட மறுப்பதுதான் நமக்கு நல்லது. என் வருத்தம் வேறு. தாமதம் நேரும்போது பயணியிடம் உண்மை நிலவரம் சொல்லப்படுவதில்லை. முடிவெடுக்கும் அதிகாரமுள்ள ஒருவர்கூடக் கண்ணில் தட்டுப்படுவதில்லை. விதிப்படி நமக்குச் சேர வேண்டியதை, அந்த விதியைப் படித்துவிட்டு வந்து கேட்பவருக்குக்கூட, பல மாதம் அலையவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். இந்த மூன்றையும் எந்தப் புயலின் மீதும் பழிபோட முடியாது.

சென்னையிலிருந்து மதுரைக்கு மாலை ஆறரை மணி விமானம் ஒன்றில் சென்ற ஆண்டு நான் பதிவு செய்திருந்தேன். மறுநாள் காலை மதுரையில் நெருங்கிய உறவினர் வீட்டில் நிச்சயதார்த்தம். பெட்டியை ஒப்படைத்து, பாதுகாப்புச் சோதனையை முடித்து, கேட் அருகே உட்கார்ந்த பிறகு, விமானம் ஏழேகாலுக்குப் புறப்படும் என்று குறுஞ்செய்தி வந்தது. ஏழேகால் நெருங்கியதும் எட்டு மணி என்றார்கள். எட்டு மணிக்கு அது எட்டேமுக்கால் ஆனது, பிறகு ஒன்பதரை ஆனது. ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம்தான் கூடியது என்பதால், இவ்வளவு நேரம் இருந்தாயிற்று, இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்றே எல்லோரும் இருந்தோம். பத்து மணிக்குச் சற்று முன்பாக விமானம் ரத்து என்று அறிவித்தார்கள். அப்போது எழும்பூரிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸ் புறப்பட்டுப் போயிருந்தது.

மாலை ஏழு மணிக்கே நிலவரத்தைச் சொல்லியிருந்தால், விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலத்தில் மின்சார ரயில் பிடித்து எழும்பூர் போய், முன்பதிவில்லாப் பெட்டியிலாவது ஏறி, விடிவதற்குள் மதுரையில் இறங்கியிருக்கலாம். எங்களை ஏற்றிச் செல்ல வேண்டிய விமானம் வேறு ஊரிலிருந்து கிளம்பவே இல்லை என்பது நிறுவனத்தின் செயல்பாட்டு அறைக்குத் தெரியாமல் இருந்திருக்காது. எந்த விமானம் எங்கே நிற்கிறது, எந்த விமானியின் பணிநேரம் எப்போது முடிகிறது என்பதை நிமிடக் கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அந்த அறையின் வேலை. தெரிந்ததைச் சொன்னால் பயணிகள் பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். சொல்லாமல் இருந்தால் உட்கார்ந்திருப்பார்கள். தாமதத்தை இப்படித் துண்டு துண்டாக அறிவிப்பதுதான் இன்றைய விமானப் பயணத்தின் மிகப் பெரிய அநியாயம் என்று நான் நினைக்கிறேன். பயணியிடமிருந்து பறிபோவது நேரம் மட்டுமன்று. வேறு வழி தேடிக்கொள்ளும் வாய்ப்பும் சேர்ந்தே போகிறது. இதோடு பெட்டி வேறு அவர்கள் வசம் இருக்கிறது. நடுவில் எழுந்து போகலாம் என்று முடிவெடுத்தாலும், ஒப்படைத்த பெட்டியை மீட்டு வெளியே வருவதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும் என்ற கணக்கே பலரை நாற்காலியை விட்டு எழவிடுவதில்லை.

எனக்குப் பக்கத்தில் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மா தம் கணவருடன் உட்கார்ந்திருந்தார். பெரியவர் சக்கர நாற்காலியில் இருந்தார். அடுத்த நாள் காலை மதுரையில் அவருக்குக் கண் அறுவைச் சிகிச்சை. எட்டரை மணியளவில், நிறுவனத்தின் சார்பில் ஆளுக்கொரு சாண்ட்விச்சும் அட்டைப்பெட்டியில் அடைத்த மாம்பழச் சாறும் கொடுத்தார்கள். அந்த அம்மா சாறை மட்டும் எடுத்துக்கொண்டு கவுன்டருக்குப் போனார். "ஏம்மா, இவருக்குச் சுகர் இருக்கு, இதைக் குடிக்கக் கூடாது. ரெண்டு இட்லி கிடைக்குமா? இல்லாட்டி எப்பக் கிளம்பும்னு மட்டும் நிச்சயமாச் சொல்லு, நான் வெளியில வாங்கிக் குடுத்துக்கிறேன்" என்றார். கவுன்டரில் நின்ற பெண்ணுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கலாம். "பாட்டி, எங்களுக்கு இதுதான் குடுக்கச் சொல்லியிருக்காங்க. டைம் எங்களுக்கே தெரியாது பாட்டி" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் இருந்தது அந்த விமான நிறுவனத்தின் பெயரே அன்று. தரைப்பணிகளை ஒப்பந்தத்துக்கு எடுத்திருக்கும் வேறொரு நிறுவனத்தின் பெயர். கையில் ஒரு வாக்கி டாக்கி, எதிரே கத்திக்கொண்டிருக்கும் ஆண்கள் கூட்டம், பின்னால் யாருமில்லை. அந்த அம்மா சாறை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, பையில் வைத்திருந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கணவரிடம் நீட்டினார்.

அந்தப் பெண்ணைத் திட்டியவர்கள் மீதும் எனக்குக் கோபம்தான். சீட்டை விற்றவர், விமானத்தை ஓட்டுபவர், பெட்டியைத் தூக்குபவர், கேட்டில் நிற்பவர், தொலைபேசியில் பேசுபவர் எல்லோரும் வேறு வேறு நிறுவனத்தின் ஆட்களாக இருக்கும்படி இந்தத் தொழில் அமைந்துவிட்டது. பதில் சொல்ல வேண்டியவர் எங்கோ ஒரு நகரத்தில் கண்ணாடி அறைக்குள் இருக்கிறார். அவருக்கும் நமக்கும் நடுவே குறைந்த சம்பளத்தில் வேலைக்கு வந்த பிள்ளைகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் ஒரே அதிகாரம் மன்னிப்புக் கேட்பது.

விதி என்ன சொல்கிறது என்பதைப் பயணிகளில் பெரும்பாலோர் அறியாமல் இருப்பது நிறுவனங்களுக்கு மிக வசதியாக இருக்கிறது. டிஜிசிஏ எனப்படும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2010-ஆம் ஆண்டிலேயே இதற்கென்று விதிமுறை வகுத்து, 2016-இல் இழப்பீட்டுத் தொகையை உயர்த்தியது. அதன்படி, இரண்டரை மணி நேரம் வரை பறக்கும் உள்நாட்டு விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானாலே காத்திருப்பவர்களுக்கு உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ, பயணி எதைக் கேட்கிறாரோ அதைத் தர வேண்டும். இரவு எட்டு மணியிலிருந்து அதிகாலை மூன்று மணிக்குள் புறப்பட வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தங்கும் விடுதி ஏற்பாடு செய்ய வேண்டும். முன்கூட்டியே தெரிவிக்காமல் ரத்து செய்தால், சீட்டுப் பணத்தைத் திருப்பித் தருவதோடு கூடுதலாக இழப்பீடும் உண்டு: ஒரு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி நேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அது. இருக்கைகளைவிட அதிகமாகச் சீட்டு விற்றுவிட்டு, உறுதியான சீட்டு வைத்திருப்பவரை ஏற்ற மறுத்தால் இழப்பீடு 20,000 ரூபாய் வரை போகும்.

படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், 'எது குறைவோ அது' என்ற நிபந்தனையால், முன்கூட்டியே மலிவாகச் சீட்டு வாங்கியவருக்கு இரண்டாயிரம் மூவாயிரம்தான் தேறும். கடைசி நேரத்தில் மாற்று விமானத்துக்கு அவர் கொடுக்க வேண்டியதோ அதைப்போல் மூன்று மடங்கு நான்கு மடங்கு. நிறுவனத்தின் கட்டுப்பாட்டை மீறிய அசாதாரணச் சூழல் என்றால் இழப்பீடே கிடையாது. வெள்ளம், கலவரம், வேலைநிறுத்தம், அரசு உத்தரவு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும் அந்த விதி, கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட வேறு எந்தக் காரணமும் என்று முடிகிறது. அந்தக் கடைசிச் சொற்றொடர் எவ்வளவு அகலமான கதவு என்பதைப் புகார் கொடுத்துப் பார்த்தவர்கள் அறிவார்கள். எங்களுக்கு அனுப்பிய குறுஞ்செய்தியில் 'செயல்பாட்டுக் காரணங்கள்' என்று மட்டும் இருந்தது. அன்று மழையில்லை, காற்றில்லை. அதே நேரத்தில் மற்ற நிறுவனங்களின் விமானங்கள் ஓடுபாதையிலிருந்து எழும்பிக்கொண்டிருந்ததைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

இதற்குப் பிறகு வந்த அலைச்சலையும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தால், மொழியைத் தேர்ந்தெடு, பிஎன்ஆரை அழுத்து, விளம்பரத்தைக் கேள், பாட்டைக் கேள் என்று இருபது நிமிடம் ஓடியபின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. செயலியில் இருந்த சாட்பாட் இரண்டே பொத்தான்களைக் காட்டியது: ஒன்று தேதியை மாற்ற, மற்றொன்று பணத்தைத் திரும்பப் பெற. இழப்பீடு என்று தட்டச்சு செய்தால் மறுபடியும் அதே இரண்டு பொத்தான்கள் வந்தன. திரும்பப் பெறுவதை அழுத்தினால், சீட்டு இணையதள முகவர் வழியாக வாங்கப்பட்டது, அவர்களைக் கேளுங்கள் என்றது. முகவரைக் கேட்டால், விமான நிறுவனம் இன்னும் பணத்தை விடுவிக்கவில்லை என்றார்கள். முகவர் என்பவர் விமான நிறுவனத்தால் நியமிக்கப்பட்ட பிரதிநிதி, ஆகவே பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்தையே சாரும் என்று டிஜிசிஏ தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. அதை அப்படியே மின்னஞ்சலில் எடுத்து எழுதிய பிறகும், "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், உங்கள் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது" என்ற ஒரே பதில் பெயர் மட்டும் மாறி மாறி வந்துகொண்டிருந்தது.

முகவர் வழியாகச் சீட்டு வாங்குவதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. சில முகவர்கள் பயணியின் கைப்பேசி எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் பதிலாகத் தங்களுடையதைப் பதிந்துவிடுகிறார்கள். ரத்து பற்றிய செய்தி அவர்களுக்குப் போய்ச் சேர்ந்து அங்கேயே கிடக்கும். தொடர்பு விவரத்தைச் சரியாகத் தராத பயணிக்கு இழப்பீடு கிடையாது என்றும் விதியில் இருப்பதால், நாம் செய்யாத பிழைக்கு நாம் இழக்கிறோம். சீட்டு வாங்கிய உடனே விமான நிறுவனத்தின் தளத்துக்குப் போய் நம் எண்தான் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது மிகவும் அவசியம்.

மலிவான கட்டணத்தில் பறந்தால் இவ்வளவுதான் எதிர்பார்க்கலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இதற்கு உச்ச நீதிமன்றம் 2011-இலேயே பதில் சொல்லிவிட்டது. டெல்லியில் பனிமூட்டத்தால் கிளம்ப முடியாத ஒரு விமானத்துக்குள் பதினொரு மணி நேரம் குறுகிய இருக்கையில் அடைபட்டிருந்த பயணி ஒருவர் தொடுத்த வழக்கு அது. பனியால் ஆன தாமதத்துக்கு இழப்பீடு கிடையாது என்று நீதிமன்றம் சொன்னது. நிறுவனம் உணவும் நீரும் வழங்கியதைக் கருத்தில் கொண்டு அதற்குச் சாதகமாகவே தீர்ப்பும் அமைந்தது. ஆனால் அதே தீர்ப்பில், மலிவுக் கட்டண நிறுவனம் என்பதால் ஆடம்பரங்கள் குறையலாமே தவிர, காத்திருக்கும் பயணிக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்ச வசதிகளில் குறைவைக்கக் கூடாது என்றும் அழுத்தமாகச் சொல்லப்பட்டது. இருக்கையைத் தேர்வு செய்ய ஒரு கட்டணம், சாப்பாட்டுக்கு ஒன்று, கூடுதல் பெட்டிக்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்குவதைக்கூட நான் ஒத்துக்கொள்கிறேன். பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தையைப் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது உட்காரவைக்க வேண்டும் என்று 2024-இல் டிஜிசிஏ உத்தரவு போட்டுச் சொல்ல வேண்டியிருந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

2025 டிசம்பர் முதல் வாரத்தில் நாடு முழுவதும் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விமானிகளுக்கு வாரத்தில் 48 மணி நேரம் தொடர் ஓய்வு, இரவு நேரத் தரையிறக்கங்களுக்கு வரம்பு என்ற புதிய விதிகளின் இரண்டாம் கட்டம் நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நாட்டின் உள்நாட்டுப் பயணிகளில் பாதிக்கும் மேற்பட்டோரை ஏற்றிச் செல்லும் இண்டிகோ அதற்குத் தேவையான விமானிகளை ஆயத்தமாக வைத்திருக்கவில்லை. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. மற்ற நிறுவனங்களின் கட்டணம் கண்டபடி ஏறியதால், மறுநாள் அரசு தலையிட்டு 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய் என்று உச்ச வரம்பு வைத்தது. களைத்துப்போன விமானி ஓட்டும் விமானத்தில் ஏற யாரும் விரும்ப மாட்டார்கள். ஓய்வு விதி நம் உயிருக்கான விதி. அது வரப்போகிறது என்பது பல மாதங்களுக்கு முன்பே எல்லா நிறுவனங்களுக்கும் தெரியும். தெரிந்த தேதியில் வந்த ஒரு விதியைச் சமாளிக்க முடியாமல் போனது எப்படி அசாதாரணச் சூழலாகும்? நாட்டின் பெரும்பாலான வழித்தடங்களில் ஒன்றிரண்டு நிறுவனங்கள் மட்டுமே பறக்கும் நிலையில், பயணி கோபித்துக்கொண்டு வேறெங்கும் போய்விட முடியாது என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள். மதுரை, தூத்துக்குடி போன்ற ஊர்களுக்கு இந்த நிலை இன்னும் மோசம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004-இல் இயற்றப்பட்ட 261-ஆம் எண் ஒழுங்குமுறைப்படி, தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ என்று இழப்பீடு நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. நாம் சீட்டுக்குக் கொடுத்த விலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. வழக்கமான பராமரிப்பில் தெரியவரும் இயந்திரக் கோளாறை அசாதாரணச் சூழல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-இலேயே தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் இப்படி ரொக்க இழப்பீடு இல்லையென்றாலும், 2024-இல் வந்த விதிப்படி, ரத்தான விமானத்துக்குப் பதிலாகத் தரும் மாற்று ஏற்பாட்டைப் பயணி ஏற்காவிட்டால், அவர் கேட்காமலேயே, கடன் அட்டையில் வாங்கிய சீட்டுக்கு ஏழு வேலைநாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். அந்த 'கேட்காமலேயே' தான் நமக்கு இப்போது வேண்டியது. எந்தப் பயணி, எந்த விமானம், எந்த வங்கிக் கணக்கு என்ற விவரம் எல்லாம் நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. ரத்து என்ற பொத்தானை அழுத்தும்போதே சேர வேண்டிய தொகையும் கிளம்பும்படி செய்வது தொழில்நுட்பத்துக்கு ஒரு வேலையே அன்று. ரத்தாலும் தாமதத்தாலும் எத்தனை பேர் பாதிக்கப்பட்டனர், அவர்களுக்கு நிறுவனங்கள் எவ்வளவு செலவிட்டன என்பதை மாதந்தோறும் வெளியிடும் டிஜிசிஏ, இழப்பீட்டுக்குத் தகுதியிருந்தும் கொடுக்கப்படாமல் விடப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதையும் அதே அட்டவணையில் கேட்டு வாங்கிச் சேர்க்க வேண்டும்.

அதுவரை நம் கையில் உள்ளவற்றையாவது பயன்படுத்துவோம். விமானம் ரத்தான இடத்திலேயே, காரணத்தைக் குறிப்பிட்டு எழுத்தில் சான்று கேளுங்கள். தர மறுத்தால், கேட்டதையும் மறுத்ததையும் அங்கிருந்தபடியே நிறுவனத்துக்கு மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். அறிவிப்புப் பலகையையும் ஒவ்வொரு குறுஞ்செய்தியையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரி, அடுத்து மேல்முறையீட்டு அதிகாரி, அதன்பின் விமானப் பயணிகளின் புகார்களுக்கான மத்திய அரசின் ஏர்சேவா தளம் என்று வரிசையாகப் போங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். எதிலும் பலனில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

நான் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போவதாகப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பிய பிறகுதான், சீட்டுப் பணம் எந்த விளக்கமுமின்றி வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. இழப்பீடு பற்றி ஒரு வரிகூட இல்லை. ரத்துக்கான உண்மைக் காரணத்தை ஆவணத்தோடு தாக்கல் செய்யும்படி நிறுவனத்துக்கு உத்தரவிட வேண்டும் என்று கேட்டு மனு போட்டிருக்கிறேன். அந்த அம்மாவின் மகனுக்கும் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். தந்தையின் அறுவைச் சிகிச்சை தள்ளிப்போனதால் ஆன செலவுக்கான ரசீதுகளை அவர் இணைத்திருக்கிறார். இரண்டு மனுக்களும் இப்போது விசாரணைக்காகக் காத்திருக்கின்றன.